தறியும் நுண்செயலியும்

நுழையும்முன்

ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடி ஒரு தறியில் நெய்ய இயலாது. சில பணிகள் பல கைகளால் விரைவுறும். சில பணிகள் ஒருவர் கையின் பொறுமைக்கே வசப்படும். இவ்வுண்மை நெசவுக்கு மட்டுமன்றிக் கணினிக்கும் பொருந்தும். மேசைக் கணினியின் நுண்செயலிக்குள் இன்று நான்கு, எட்டு, பதினாறு என உள்ளகங்கள் பெருகியுள்ளன. அவற்றின் எண்ணிக்கை பெருகப் பெருகக் கணினியின் திறனும் அதே அளவில் பெருகுமா? பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் தறிகளைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

பட்டு நகரமும் துளையட்டையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ளது ஆரணி. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்துள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் பட்டு நெசவு தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. சாயம் தோய்த்தல், தார் சுற்றுதல், பாவு ஓட்டுதல், பாவு பிணைத்தல், நெய்தல் எனப் பல நிலைகளையும் பலர் கைகளையும் கடந்தே ஒரு சேலை உருவாகிறது.

சேலையின் கரையிலும் முந்தியிலும் அமையும் அன்னம், மயில், மாங்காய் போன்ற உருவங்களை நெய்வதற்குத் தறியின் மேற்பகுதியில் ஜக்கார்டு பெட்டி பொருத்தப்படுகிறது. அப்பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டிருக்கும். அட்டையில் துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவிழை மேலே உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. ஓர் அட்டை ஒரு வரிசை ஊடைக்குரிய கட்டளையாகும். ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே நிலைகளைக்கொண்டு எத்தனை நுட்பமான பூவேலையையும் எழுதிவிடலாம் என்பதே இக்கருவியின் சிறப்பு. ஒன்று, சுழியம் என்னும் இரண்டு இலக்கங்களால் இயங்கும் கணினியின் மொழியும் இதுவேயாகும்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. பிரான்சு நாட்டின் இலியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1830களில் தாம் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறிக்குக் கட்டளை வழங்க இத்துளையட்டைகளையே தேர்ந்தெடுத்தார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளையட்டைகளைப் பயன்படுத்தித் தரவுகளைத் தொகுத்தார். ஆகவே, தறியைக்கொண்டு கணினியை விளங்கிக்கொள்வது பேத்தியின் முகத்தில் பாட்டியின் சாயலைக் காண்பது போன்றதாகும்.

தெரியுமா?
ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டிலேயே நெய்யப்பட்டது. அதற்குச் சுமார் 24,000 துளையட்டைகள் தேவைப்பட்டன. அப்படத்தின் படி ஒன்றைச் சார்லஸ் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார்.

வேகத்தின் எல்லை

கணினியின் கட்டளைகளைப் படித்து, பொருள் உணர்ந்து, நிறைவேற்றும் உறுப்பு நுண்செயலி. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி ஒற்றைச் சில்லில் அமைந்தது. அதில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் கடிகார வேகம் 740 கிலோஹெர்ட்ஸ். அதாவது, நொடிக்கு 7,40,000 துடிப்புகள். நெசவாளரின் கால் மிதிக்கும் தாளத்திற்கு ஏற்ப நாடா ஓடுவதுபோல, இத்துடிப்புகளுக்கு ஏற்பவே நுண்செயலி இயங்குகிறது.

அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் இத்தாளம் வியத்தகு முறையில் விரைவடைந்தது. 2004ஆம் ஆண்டில் பென்டியம் 4 நுண்செயலி 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டியது. முதல் நுண்செயலியோடு ஒப்பிட இது ஐயாயிரம் மடங்கிற்கும் மேற்பட்டதாகும். ஆனால், அவ்வாண்டிலேயே 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதற்குக் காரணம் வெப்பம்.

நுண்செயலி செலவிடும் மின்திறன் அதன் கடிகார வேகத்தையும், மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்து உயர்கிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், வேகம் சிறிது உயர்ந்தாலும் மின்செலவு பெரிதாக உயர்கிறது. செலவாகும் மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. விரல் நகம் அளவுள்ள சில்லிலிருந்து அவ்வெப்பத்தை வெளியேற்றுவது இயலாத நிலை உருவாயிற்று. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த மேசைக் கணினி நுண்செயலி ஒன்றின் உச்ச வேகம் 6.2 கிகாஹெர்ட்ஸ். இருபது ஆண்டுகளில் வேகம் இரு மடங்கைக்கூட எட்டவில்லை என்பதை இதனால் அறியலாம்.

ஒன்று பலவாதல்

ஒரு தறியை இதற்குமேல் விரைவாக ஓட்டினால் இழை அறுந்துவிடும் என்ற நிலையில் நெசவாளர் என்ன செய்வார்? மற்றொரு தறியை நிறுவுவார். பொறியாளர்களும் அவ்வழியையே மேற்கொண்டனர். ஒரே சில்லில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட செயலகப் பகுதிகளை அமைத்தனர். கோர் எனப்படும் இப்பகுதியே உள்ளகம். ஒவ்வோர் உள்ளகமும் தனித்தனியே கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளகங்களைக் கொண்டது பல்லுள்ளக நுண்செயலி எனப்படும்.

2001ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் பவர்4 நுண்செயலி ஒரே சில்லில் இரண்டு உள்ளகங்களைக் கொண்டு வெளிவந்தது. அது பெரிய வழங்கிக் கணினிகளுக்கு உரியது. 2005ஆம் ஆண்டில் இன்டெல்லின் பென்டியம் டி, ஏஎம்டி நிறுவனத்தின் ஆத்லான் 64 எக்ஸ்2 ஆகியவற்றின் வழியாக இரட்டை உள்ளகங்கள் மேசைக் கணினிக்கு வந்தன. 2019இல் பதினாறு உள்ளகங்கள் கொண்ட நுண்செயலி பொதுப் பயன்பாட்டிற்குரிய மேசைக் கணினிகளுக்கும் கிடைத்தது.

உள்ளகத்திற்கு வழங்கப்படும் தொடர்ச்சியான கட்டளை வரிசையைத் திரெட் என ஆங்கிலத்திலும், இழை எனத் தமிழிலும் வழங்குவர். நெசவுச் சொல் கணினிக்குள்ளும் நிலைபெற்றிருப்பது கருதத்தக்கது.

பல்லுள்ளகத்தின் வலிமைகள்

பல பணிகளை ஒரே நேரத்தில் நிகழ்த்துவது பல்லுள்ளகத்தின் முதல் வலிமை. ஓர் உள்ளகம் மட்டுமே உள்ள கணினி, பல பணிகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகச் செய்கிறது. பல்லுள்ளகக் கணினியில் ஓர் உள்ளகம் ஒளிப்படத்தைத் திருத்த, மற்றொன்று நச்சுநிரலைத் தேட, வேறொன்று இணையப் பக்கத்தைத் திறக்கும். ஒரு பணி சிக்கிக்கொண்டாலும் ஏனையவை பெரும்பாலும் தடைபடுவதில்லை.

பகுக்கத்தக்க ஒரே பணியை விரைந்து முடிப்பது இரண்டாவது வலிமை. ஒரு திருமண வீட்டார் எட்டுச் சேலைகள் வேண்டுமெனக் கேட்டால், எட்டுத் தறிகளில் அவற்றை ஒருங்கே நெய்யலாம். காணொளிக் காட்சியை மறுவடிவாக்குதல், முப்பரிமாணப் படத்தை உருவாக்குதல், வானிலைக் கணிப்பு, பெரிய நிரல்தொகுப்பை மொழிமாற்றுதல் முதலியன இத்தகையன. இவற்றின் பகுதிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சாராதவை. ஆதலால், உள்ளகங்கள் பெருகுவதற்கேற்ப வேகமும் பெருகும்.

மின்சிக்கனம் மூன்றாவது வலிமை. ஓர் உள்ளகத்தின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 20 விழுக்காடு குறைப்பதாகக் கொள்வோம். மின்செலவு 0.8 × 0.8 × 0.8 = 0.512 எனக் குறையும். அதாவது, ஏறத்தாழப் பாதியாகும். அதே மின்செலவில் இப்போது இரண்டு உள்ளகங்களை இயக்கலாம். இரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு பணியைச் செய்ய வாய்ப்புண்டு. விரைந்தோடும் ஒருவரைவிட நிதானமாக நடக்கும் இருவர் மிகுதியான சுமையைக் கொண்டுசேர்ப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இச்சிக்கனத்தை மேலும் வளர்த்தது 2021ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறை நுண்செயலி. அதன் உயர்வகையில் கடும்பணிக்குரிய எட்டு உள்ளகங்களும், எளிய பணிகளைக் குறைந்த மின்செலவில் செய்யும் எட்டு உள்ளகங்களும் இருந்தன. பணியின் தன்மை அறிந்து ஆள் அமர்த்தும் முறை இது.

ஆம்டாலின் விதி

இனி வரம்புகளைக் காண்போம். கணினிப் பொறியாளர் ஜீன் ஆம்டால் 1967ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு பணியில் பகுக்க இயலாத பகுதி எவ்வளவோ, அதுவே முழுப்பணியின் வேகத்திற்கும் எல்லை வகுக்கும் என்பது அதன் சாரம்.

ஒரு பணியை ஓர் உள்ளகம் 100 நிமிடங்களில் முடிப்பதாகக் கொள்வோம். அதில் 80 நிமிடப் பணி பகுக்கத்தக்கது. 20 நிமிடப் பணி பகுக்க இயலாதது. உள்ளகங்களைக் கூட்டினால் ஆகும் நேரம் வருமாறு:

1 உள்ளகம்: 80 + 20 = 100 நிமிடம்
2 உள்ளகங்கள்: 40 + 20 = 60 நிமிடம்
4 உள்ளகங்கள்: 20 + 20 = 40 நிமிடம்
8 உள்ளகங்கள்: 10 + 20 = 30 நிமிடம்
16 உள்ளகங்கள்: 5 + 20 = 25 நிமிடம்

ஒன்றிலிருந்து இரண்டாக்கியபோது 40 நிமிடம் மிச்சமாயிற்று. எட்டிலிருந்து பதினாறாக்கியபோது மிச்சமானது 5 நிமிடம் மட்டுமே. பதினாறு உள்ளகங்கள் உழைத்தும் வேகம் நான்கு மடங்கே உயர்ந்தது. ஆயிரம் உள்ளகங்களைச் சேர்த்தாலும் 20 நிமிடத்திற்குக் கீழே இறங்க இயலாது.

நெசவில் இதனைத் தெளிவாகக் காணலாம். பாவு பிணைத்து முடியாமல் நெய்யத் தொடங்க இயலாது. முதல் ஊடை விழாமல் இரண்டாம் ஊடை விழாது. ஒரு சேலையை ஒரு தறி பத்து நாள்களில் நெய்யுமானால், பத்துத் தறிகள் ஒன்றுகூடி அதே சேலையை ஒரே நாளில் நெய்துவிட முடியாது. பத்து நாள்களில் பத்துச் சேலைகளை நெய்யலாம், அவ்வளவே. முன்னதன் விடை கிடைத்த பின்னரே அடுத்ததைத் தொடங்கவேண்டிய கணக்குகள் கணினியிலும் பல உள்ளன. அவற்றில் ஓர் உள்ளகம் உழைக்க, மற்றவை வேலையின்றிக் காத்திருக்கும்.

ஒரே ஏடு, இரண்டு கைகள்

உள்ளகங்கள் பொதுவான தரவைப் பகிரும்போது மற்றொரு சிக்கல் தோன்றும். கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இருப்பேட்டில் 100 ஜரிகைக் கட்டுகள் எனக் குறித்திருப்பதாகக் கொள்வோம். எழுத்தர் ஒருவர் அதனைப் படித்து, 10 கட்டுகளை வழங்கி, 90 என எழுதுகிறார். அவர் எழுதுவதற்கு முன்பே 100 என்பதைப் படித்துவிட்ட மற்றோர் எழுத்தர், 5 கட்டுகளை வழங்கி 95 என எழுதுகிறார். ஏட்டில் 95 இருக்கும். உண்மை இருப்போ 85. இருவரும் கணக்கில் தவறவில்லை. எனினும், ஏடு பொய் சொல்கிறது.

இதனைத் தவிர்க்க, ஒருவர் படித்து எழுதி முடிக்கும்வரை ஏட்டை மற்றவர் தொடாதவாறு பூட்டிட வேண்டும். பூட்டிட்டால் கணக்கு சரியாகும்; ஆனால், மற்றவர் காத்திருக்க நேரும். மேலும், ஒருவர் ஏட்டை வைத்துக்கொண்டு எழுதுகோலுக்கும், மற்றவர் எழுதுகோலை வைத்துக்கொண்டு ஏட்டிற்கும் காத்திருந்தால் இருவர் பணியும் நின்றுவிடும். பல்லுள்ளகத்திற்கு மென்பொருள் எழுதுவது கடினமாவது இதனாலேயே. இத்தகைய பிழைகள் எப்போதும் வெளிப்படுவதில்லை; எப்போதோ ஒருமுறை தோன்றி மறைவதால் கண்டுபிடிப்பதும் அரிதாகிறது.

நினைவகமும் வெப்பமும்

தறிகள் எத்தனை இருந்தாலும் பட்டு நூல் வந்து சேர்ந்தால்தான் நெசவு நடக்கும். உள்ளகங்களுக்குத் தரவை வழங்குவது முதன்மை நினைவகம். அங்கிருந்து தரவு வரும் பாதை பொதுவானது. உள்ளகங்கள் பெருகினால் அப்பாதையில் நெரிசலும் பெருகும். இதனைக் குறைக்க உள்ளகங்களின் அருகிலேயே கேச் எனப்படும் விரைவு நினைவகத்தை அமைப்பர். நெசவாளர் தம் கைக்கெட்டும் தொலைவில் தார்களை வைத்துக்கொள்வதைப் போன்றது இது. எனினும், ஓர் உள்ளகம் மாற்றிய தரவை ஏனைய உள்ளகங்களும் உடனே அறியவேண்டும். இவ்வொத்திசைவைப் பேணுவதற்கே சிறிது நேரமும் மின்சாரமும் செலவாகின்றன.

எல்லா உள்ளகங்களும் முழுவீச்சில் இயங்கும்போது வெப்பம் மீண்டும் தலைதூக்குகிறது. முன்னர்க் கூறிய பன்னிரண்டாம் தலைமுறை நுண்செயலியின் உச்ச மின்திறன் 241 வாட். வெப்பம் வரம்பு கடந்தால் நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடை வெயில் கடுமையாகத் தாக்கும் ஊர்களில், காற்றோட்டமில்லாத அறையில், தூசு படிந்த மின்விசிறியுடன் இயங்கும் கணினி, விளம்பரத்தில் கூறப்பட்ட திறனைத் தருவதில்லை.

எண்ணிக்கையும் தேவையும்

ஆரணியில் சேலைக் கரைக்கும் முந்திக்கும் வடிவம் வரைந்து தரும் ஒருவர் கணினி வாங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். முற்காலத்தில் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வரையப்பட்ட வடிவங்கள் இன்று கணினித் திரையில் வரையப்படுகின்றன. அவரிடம் உள்ள சேமிப்பு சிறிது; மீதத்திற்குக் கடன் வாங்க வேண்டும். கடையில் ஆறு உள்ளகக் கணினியும், அதனினும் விலை மிகுந்த பதினாறு உள்ளகக் கணினியும் உள்ளன. ‘எண்ணிக்கை கூடினால் எல்லாம் விரைவாகும்’ என்கிறது விளம்பரம்.

அவர் முதலில் ஆராயவேண்டியது தம்முடைய ஒருநாள் பணியை. பெரும்பகுதி நேரம் அவர் ஒரே வடிவத்தைக் கட்டம் கட்டமாகத் திருத்துகிறார். அப்போது கணினி அவர் கையசைவிற்காகக் காத்திருக்கிறது. வரைபட மென்பொருள்கள் பலவற்றின் செயல்கள் ஓரிழையைச் சார்ந்தே இயங்குவன. அவற்றிற்கு உள்ளகங்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வோர் உள்ளகத்தின் வேகமே இன்றியமையாதது. பெரிய வடிவக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்க நினைவகம் மிகுதியாக வேண்டும். மின்தடையின்போது அரைநாள் உழைப்பு அழியாதிருக்கத் தடையில்லா மின்வழங்கி வேண்டும். ஆகவே, வேகமான ஆறு உள்ளகங்களும், போதிய நினைவகமும், மின்பாதுகாப்பும் கொண்ட கணினியே அவருக்கு உகந்தது. பதினாறு உள்ளகக் கணினியை வாங்கினால் பத்து உள்ளகங்கள் உறங்கிக்கொண்டிருக்க, அவற்றிற்கான வட்டியை அவர் செலுத்திக்கொண்டிருப்பார். கடனின் சுமையை நெசவுக் குடும்பங்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அதே தெருவில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துத் தரும் ஒருவர் இருப்பாராயின், அவருக்குப் பதினாறு உள்ளகம் வீண்செலவன்று. இரவெல்லாம் ஓடவேண்டிய மறுவடிவாக்கம் சில மணி நேரத்தில் முடியும். அதனால் கூடுதலான பணியை அவர் ஏற்கலாம். கணினியின் தகுதி அதன் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் மட்டும் இல்லை. அதனிடம் ஒப்படைக்கப்படும் பணியிலும் இருக்கிறது.

நம் மண்ணில் நுண்செயலி

நுண்செயலியைப் பயன்படுத்துவோராக மட்டுமன்றி வடிவமைப்போராகவும் தமிழகத்தார் விளங்குகின்றனர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சக்தி’ நுண்செயலி 2018ஆம் ஆண்டில் சில்லாக வார்க்கப்பட்டு, லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கிக் காட்டியது. ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டற்ற கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது அது. சி-டாக் நிறுவனம் வடிவமைத்த ‘வேகா’ வரிசையில் இரண்டு, நான்கு உள்ளகங்கள் கொண்ட வடிவமைப்புகளும் உள்ளன. பணியைப் பகுத்துப் பல உள்ளகங்களுக்கு வழங்கும் மென்பொருளை எழுத வல்லோரின் தேவை நாளுக்குநாள் பெருகி வருகிறது. அத்துறை இன்றைய மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.

பகுக்கத்தக்கது எது, பகுக்க இயலாதது எது என அறிவதே பல்லுள்ளகத்தை ஆளும் திறன். ஆரணியின் நெசவாளர் இதனைத் தம் தொழிலில் அறிந்திருக்கிறார். பாவு ஓட்டும்போது துணைக்கு ஆள் அழைக்கிறார். கரையில் பூ விழும் இடத்தில் தம் கையையே நம்புகிறார்.

கலைச்சொல் அறிவோம்

மைக்ரோ பிராசசர் – நுண்செயலி
கோர் – உள்ளகம்
மல்டி கோர் – பல்லுள்ளகம்
திரெட் – இழை
கிளாக் ஸ்பீடு – கடிகார வேகம்
மெயின் மெமரி – முதன்மை நினைவகம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலுள்ள கணினி ஒன்றின் உள்ளகங்களின் எண்ணிக்கை, கடிகார வேகம், நினைவக அளவு ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பலர் சேர்ந்து செய்யத்தக்க பணிகளையும் ஒருவரே வரிசையாகச் செய்யவேண்டிய பணிகளையும் பிரித்து எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஒரு பணியை ஓர் உள்ளகம் 100 நிமிடத்தில் முடிக்கிறது. அதில் 90 நிமிடப் பணி பகுக்கத்தக்கது எனில், 9 உள்ளகங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம்
அ) 10 நிமிடம் ஆ) 11 நிமிடம் இ) 20 நிமிடம் ஈ) 90 நிமிடம்

2. ஜக்கார்டு அட்டையின் துளை உணர்த்துவது
அ) பாவிழை உயர்தல் ஆ) ஊடை அறுதல் இ) சாயம் மாறுதல் ஈ) நாடா நிற்றல்

குறுவினா

1. பல்லுள்ளக நுண்செயலி என்பது யாது?
2. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டம் கைவிடப்பட்டதற்குக் காரணம் என்ன?

சிறுவினா

1. இருப்பேட்டு எடுத்துக்காட்டின்வழிப் பொதுத் தரவைப் பகிர்வதில் எழும் சிக்கலை விளக்குக.
2. வேகத்தைக் குறைத்து உள்ளகத்தைக் கூட்டுவதால் மின்சிக்கனம் உண்டாவது எவ்வாறு?

நெடுவினா

‘உள்ளகங்களின் எண்ணிக்கை மட்டுமே கணினியின் திறனை உறுதிசெய்வதில்லை’ – பாடப்பகுதிவழி நிறுவுக.